கைத்தடுப்பு

தகடு வெட்டும் பிரஸ்ஸில் மூன்று விரல்களை இழந்த அமுதவல்லி, இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு அன்று விசாரணைக்கு வந்தது. இயந்திரத்தில் கைத்தடுப்பு இருந்தது, அதை அவள்தான் கழற்றிவிட்டாள் என்று கம்பெனி சொன்னது. அதற்குச் சாட்சி பிலோமினா. இருவரும் ஒரே வேனில் வேலைக்குப் போய்வந்தவர்கள். இப்போது அந்தப் பிரஸ்ஸில் உட்காருவது பிலோமினாதான்.

“தடுப்பு இருந்துச்சா?” என்று கேட்டார் வழக்கை விசாரித்த அதிகாரி.

“இருந்துச்சு சார். இப்பவும் இருக்கு.”

“எப்படி வேலை செய்வீங்க? செஞ்சு காட்டுங்க.”

பிலோமினா மேசை முன்னால் உட்கார்ந்தாள். இடது கையால் இல்லாத தகட்டை நகர்த்தினாள். வெட்டுக்கத்தியை இறக்கும் பெடலை மிதிப்பதுபோல் காலால் தரையை மிதித்தாள். வலது கையை உள்ளே நீட்டி, வெட்டிய துண்டை எடுத்தாள். மறுபடியும் நகர்த்தினாள், மிதித்தாள், எடுத்தாள். பழக்கத்தில் வேகம் கூடிக்கொண்டே போனது. ஒரு முறை கை உள்ளே இருக்கும்போதே கால் இறங்கிவிட்டது.

“கைய எடுடி!” என்று அலறினாள் அமுதவல்லி.

பிலோமினா வெடுக்கென்று கையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார்.

“தடுப்பு இருந்தா கை எப்படிம்மா உள்ள போகும்? தண்ணி குடிச்சுட்டு நிதானமா சொல்லுங்க.”

யாரோ தம்ளரை பிலோமினா பக்கம் நகர்த்தினார்கள். எடுக்கப் பார்த்தாள். இறுக மூடியிருந்த விரல்கள் பிரியவில்லை.