கோடாலித் தைலம்

“அக்கா, அண்ணன் துபாயிலேருந்து வரும்போ கோடாலித் தைலம் ஒண்ணு கொண்டுவரச் சொல்லணும்” என்றாள் பக்கத்து வீட்டு பிளஸ்ஸி.

“சொல்லுதேன்” என்று செல்லபாய் அவளை அனுப்பிவைத்தாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஜெரிஷுக்கு டீ புரையேறியது. செல்லபாயின் கணவர் ரசலையனை நாயகனாக வைத்து யூடியூபில் சிரிப்புத் தொடர் எடுப்பவன் அவன்.

“மாமி, போன மாசம் மாமாவுக்க அடக்கத்துல நெஞ்சுல அடிச்சு அழுதவ இவதான?”

“ஆமா. பொறவு நீதான தொடர்ல அவரு துபாய்க்குப் போயிட்டாருன்னு காட்டின. அதப் பாத்து மறந்துட்டா.”

“மாமா இல்லாம இனி வேண்டாம், நிறுத்திரலாம்னு சொல்லத்தான் வந்தேன் மாமி.”

“நிறுத்தாத மக்கா. அவ கேட்டப்போ ஒரு நிமிஷம் நானும் மறந்துட்டேன்.” செல்லபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டு வருஷம் கழிச்சுதான் லீவுன்னு எழுது. தைலத்த நான் களியக்காவிளை கடையில வாங்கிக் குடுத்துக்கிடுதேன்.”