சொந்தக்காரர் இல்லாத ஊர்

உதயகுமாரி அந்தப் பொய்யைச் சொன்னது கோயில் வாசலில் வைத்து. அதுவும் ஞாயிறு பூசை முடிந்து, நற்கருணை நன்மை வாங்கிய வாயாலேயே.

பெரிய பொய் ஒன்றுமில்லை. ஒரே ஒரு சொல்.

கல்யாணம் கட்டி இருபத்தைந்து வருடம். இவ்வளவு காலமும் லீவு என்றால் பாரிஸில் மச்சாள் வீடு, லண்டனில் அத்தான் வீடு, சுவிஸில் தம்பி வீடு. போகும்போது பெட்டி நிறைய மிளகாய்த்தூள், போன இடத்திலும் குசினியில் சமையல், வரும்போது யாருடனாவது ஒரு கோபம்.

இந்த முறை மகள் நிலூஜா விடவில்லை. போர்த்துக்கலில் கடலும் கடையும் இல்லாத ஒரு மலையூரில், பழைய துறவிகள் மடம் ஒன்றை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்களாம். பெரிய பணக்காரர் சத்தமில்லாமல் வந்து போகும் இடமாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாலு நாள் பதிவு செய்துவிட்டாள்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள் உதயகுமாரி.

"ஒருத்தரும் இல்லை அம்மா. அதுதான் லக்சறி."

விஷயம் எப்படியோ மேரியம்மாவின் காதுக்குப் போய்விட்டது. மேரியம்மா கோயிலில் செபமாலைக் குழுவின் தலைவி. ஓஸ்லோவின் குரோருட் பகுதியில் எந்த வீட்டில் என்ன கறி என்பது வரை தெரிந்த மனுசி. வாசலில் வைத்து மறித்தார்.

"போர்த்துக்கலுக்குப் போறியாம். பாத்திமா மாதாவிட்டைத்தானே, பிள்ளை?"

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாத்திமா யாத்திரைத்தலத்துக்கு இல்லை, ஹோட்டலுக்கு என்று சொன்னால், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்பார்கள். 

"ஓமோம்," என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மேரியம்மா தடித்த கடித உறை ஒன்றை எல்லாருக்கும் முன்னால் நீட்டினார். உள்ளே முப்பத்தொரு மன்றாட்டுத் துண்டுகள். ஒன்றும் தொலையாமல் மாதாவின் காலடியில் வைக்கவேண்டும் என்று மூன்று தரம் சொன்னார். உதயகுமாரிக்கு அந்த மனுசியைக் கண்ணில் காட்டக்கூடாது என்று இருந்தது.

ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை இல்லை. அறையில் டிவி இல்லை, மணிக்கூடு இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் ஒலிவ் எண்ணெயும் இரண்டு அத்திப்பழமும்.

ஓஸ்லோவில் பஸ் ஓட்டும் கணவர் றொனால்ட் வெள்ளைச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாங்கள் நோர்வேக்கு வந்த புதிசிலை இருந்த அறையிலையும் ஒண்டும் இருக்கேல்லை, உதயா. அப்ப தெரியாமலே லக்சறியா இருந்திருக்கிறம்."

உதயகுமாரி சிரிக்கவில்லை. உறையை அலுமாரிக்குள் வைத்தாள். அங்கிருந்து பெட்டிக்குள். பெட்டியிலிருந்து தலையணைக்குக் கீழே. ஒருத்தரும் இல்லாத ஊருக்கு முப்பத்தொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரே அறையில் இருத்தியதுபோல் இருந்தது. மலையைப் பார்த்தால் மேரியம்மா. அத்திப்பழத்தைப் பார்த்தால் மேரியம்மா.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள். நாளைக்குக் கடைசி நாள், விடிய எழும்பிப் பாத்திமாவுக்குப் போகிறோம்.

போக ஐந்து மணித்தியாலம், இரண்டு பஸ் மாறவேண்டும், வர அதே அளவு என்று றொனால்ட் விசாரித்து வந்து சொன்னார். லீவில் வந்தும் பஸ்ஸா என்று முனகினார்.

"நாளைக்குத்தானே ஹோட்டலிலை இருக்கிற சுடுதண்ணித் தொட்டியிலை இறங்கப் போறன் எண்டனீர்?"

"இந்தப் பாவத்தோடை இறங்கினால் தாண்டு போயிடுவன். பேசாமல் இருங்கோ."

துண்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று கட்டிலில் கொட்டி எண்ணினாள். ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் யாருக்காக மன்றாட்டோ அவரின் பெயர் எழுதியிருந்தது. கார் ஓட்டும் பரீட்சையில் நாலு தரம் விழுந்த சுபேசன். விசா கிடைக்காத லோறன்ஸின் தாய். மாப்பிள்ளை தேடும் ஹம்சத்வனி. அதன் கீழே அடைப்புக்குள், 'திராமன் ரவுணுக்கு அங்காலை இருக்கிற மாப்பிள்ளை வேண்டாம்.'

எல்லாம் ஒரே கையெழுத்து. மேரியம்மாவின் கையெழுத்து.

முப்பத்தோராவது துண்டில் 'உதயகுமாரி' என்று இருந்தது.

அவள் ஒரு மன்றாட்டும் எழுதிக் கொடுக்கவில்லையே. துண்டைப் பிரித்தாள்.

"மாதாவே, இவள் உம்மட்டை வரமாட்டாள். நான் கேட்டதுக்கு 'ஓம்' எண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பன். 'ஓமோம்' எண்டவள். மெய்யாப் போறவை 'ஓமோம்' எண்டு சொல்லுறேல்லை. ஏழெட்டுப் பேருக்கு முன்னாலை கேட்டது என்ரை பிழை. இனி நான் உறை குடுக்காமல் விட்டால் சனம் விடுப்புக் கதைக்கும், அதாலைதான் குடுத்துவிடுறன். இது எல்லாம் நான் பாத்தெழுதின பிரதி. அசல் துண்டுகள் எங்கடை கோயில் ஜெயரத்தினத்திட்டை இருக்கு, அவன் ஒக்டோபரிலை உம்மட்டை வாறான். இவள் இருபது வருசமா ஊரான் வீட்டுக் கிழடுகட்டையளைக் குளிப்பாட்டினவள். நாலு நாள் ஆறுதலா இருக்கட்டும். மனம் கேளாமல் உம்மட்டை வெளிக்கிட்டாலும் வெளிக்கிடுவாள், மறியும். திரும்பி வந்து குழாய்த் தண்ணியைத் தீர்த்தமெண்டு தந்தாலும், என்ரை நோகிற முழங்காலிலை பூசிக்கொண்டு கோயிலைச் சுத்தி ஓடிக் காட்டுறன். ஆமென்."