ஆற்றங்கரை ஊரில் எடுத்த படம்

சுவீடனில் இருக்கும் தமையனைப் பார்த்துவிட்டு மொன்ட்ரியாலுக்குத் திரும்பிய அன்று, வசீகரன் தன் மனைவி துஷாந்தினிக்கு ஃபோனில் படங்களைக் காட்டினான். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். முன்பு அங்கே துணி ஆலை ஒன்று ஓடியதாம். இப்போது மூடிக் கிடக்கிறது. அந்த ஆலை வாசலில் அவன் ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டபடி நின்றான்.

"ஆர் இது?"

"நீர்தான். வேற ஆர்?"

படத்தில் நின்றது துஷாந்தினியேதான். கீழுதட்டுக்குக் கீழே நாடியில் இருந்த தழும்புகூட அப்படியே தெரிந்தது. ஆனால் அவன் போயிருந்த அந்தக் கிழமை முழுவதும் அவள் மொன்ட்ரியால்-நோர் பகுதியில், தான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கலியாணமாகிப் பதினாலு வருசத்தில் அவன் ஒருநாளும் அவளை அப்படி அணைத்ததில்லை.

"அவவோட என்ன கதைச்சனீங்கள்?"

"எவவோட? நீரெல்லோ விடாமல் கதைச்சனீர்," என்றான். அந்தக் குரலில் அவள் கேட்டறியாத கனிவு இருந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது, வைகாசியில் மறுபடியும் அங்கே போக டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான். ஒரு டிக்கெட்.

"அப்ப எனக்கு?"

அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீர் அங்கயே நிக்கிறன் எண்டெல்லோ சொன்னனீர்."