ஐந்தாவது ஓகே

அன்றைக்கு அந்த மீன் கிடங்கின் ஃப்ரீசரில் வேலைக்கு வந்தவர்கள்: மேஸ்திரி, வண்டி ஓட்டும் டிரைவர், டிரைவரின் மச்சான், எடை போடும் சோடாபுட்டி, பெட்டிக்கு டேப் ஒட்டும் அக்கா. மேஸ்திரியைத் தவிர நாலு பேருக்கும் உள்ளேதான் வேலை.

ஓகே என்ற வார்த்தை இல்லாமல் அங்கே ஒரு பெட்டி நகராது. இறக்கலாமா? ஓகே. இடுப்பு வலி எப்படி? ஓகே. சம்பளம் கூட்டிக் கேட்டேனே? ஓகே, ஓகே, பார்க்கலாம். அதாவது, கிடையாது.

ஆனால் சாயங்காலம் சொல்லும் ஓகேவுக்கு ஒரே அர்த்தம்தான். நான் வெளியே வந்துவிட்டேன், பூட்டலாம்.

முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. யார் எந்த வழியாகப் போனாலும் வெளியே வந்ததும் கத்த வேண்டும். மேஸ்திரி முன்கதவில் நின்று எண்ணுவார். ஸ்விட்சைத் தட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிப்போய் வெகுநாளாகிறது.

கொஞ்ச காலமாக அந்த எண்ணிக்கைதான் உதைத்தது.

ஆள் நாலு. ஓகே ஐந்து.

ஐந்தாவது குரல் கரகரவென்று இழுத்துக்கொண்டு வரும். "ஓ...கே."

அப்படி இழுப்பவர் ஒருவர்தான் இருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு குரல் குறைந்தது. "சொல்லாமலே வீட்டுக்குப் போயிருப்பான்" என்று மேஸ்திரி பூட்டிவிட்டார். காலையில் திறந்தபோது அவர் பெட்டிகளுக்கு நடுவே, உட்கார்ந்த வாக்கில் விறைத்திருந்தார். அவர் வேலையைத்தான் முதலாளி அக்காவுக்குக் கொடுத்தார்.

ஐந்தாவது ஓகே கேட்டதும் மேஸ்திரி டார்ச்சோடு உள்ளே போய் சந்து சந்தாகத் தேடுவார். யாரும் இருக்கமாட்டார்கள். திரும்பும்போது பல் தந்தியடிக்கும்.

"என்ன மேஸ்திரி, விருந்தாளியைப் பாத்தீங்களா?" என்பார் டிரைவர்.

"வாயைக் கழுவுடா."

"அவருக்கும் சம்பளம் போடச் சொல்லுங்க. ஒரு நாள் லீவு போடறதில்ல."

அன்று மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஓகேவா?"

"ஓகே!" பக்கத்திலேயே டிரைவர்.

பின்பக்கமிருந்து மூன்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. மேஸ்திரி காத்திருந்தார். அப்புறம் விசிறிகளின் இரைச்சல் மட்டும்தான்.

நாலு!

ஸ்விட்சைத் தட்டினார். கதவுகள் 'டொக்' என்று பூட்டிக்கொண்டன.

"போயிட்டாருடா! இன்னைக்கு நாலே நாலு ஓகேதான். உள்ள போய் நடுங்கற வேலை மிச்சம்."

கிடங்கைச் சுற்றிக்கொண்டு அக்கா வந்தாள். பின்னாலேயே மச்சான். அக்கா கழுத்து மஃப்ளரைக் கழற்றியபடியே நின்றுவிட்டாள்.

"எத்தனைன்னு சொன்னீங்க, அண்ணே?"

"நாலும்மா. இனிமே உன் வீட்டுக்காரர் நிம்மதியாத் தூங்குவாரு."

"பூட்டிட்டீங்களா?"

"பூட்டியாச்சு. ஏன்?"

"திறங்க! ஐயோ, திறங்க!"

பாய்ந்து ஸ்விட்சைப் பிடித்தாள். மேஸ்திரி அவள் கையைத் தடுத்தார்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"தினமும் அவர் குரல்ல கத்தறது நான்தாண்ணே. மஃப்ளரை வாயில அமுக்கிக்கிட்டு."

டிரைவருக்குச் சிரிப்பு செத்தது. "எதுக்குக்கா இந்த வேலை?"

"ஒரு ஓகே குறைஞ்சா, போயிருப்பான்னு மேஸ்திரி பூட்டிடறாரு. ஒண்ணு கூடினாத்தான் பயந்துபோய் உள்ள தேடறாரு. யாரும் மறுபடி மாட்டிக்கக் கூடாதேன்னு சொன்னேன். இன்னைக்கும் சொன்னேன்."

மேஸ்திரியின் விரல்கள் தாமாகவே மடங்கின. டிரைவர் ஒன்று. மச்சான் ஒன்று. அக்கா ஒன்று. செத்தவருக்காக ஒன்று.

ஓகே நாலு. வெளியே வந்தவர்கள் மூன்று பேர்.

உள்ளே மீதி, சோடாபுட்டி.