ஜலஜாவுக்கு வேண்டிய நூற்றைம்பது பேர்

"நாப்பத்திரண்டு வயசுல டாக்டர் பட்டமாம். வாங்கினாலும் ஒரு ஊசி கூடப் போடமாட்டாளாம். அப்புறம் எதுக்கு அந்தப் படிப்பு?"

சாரதா ஆன்ட்டி இதை யார் காதிலும் கிசுகிசுக்கவில்லை. கலிபோர்னியாவில், லிவர்மோர் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்பவர் அவர். வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். நாற்பது பேரில் ஜலஜாவும் ஒருத்தி. தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினாள்.

ஜலஜா மாவட்டச் சுகாதாரத் துறையில் நர்ஸ். பத்து வருஷ வேலைக்கப்புறம் பொது சுகாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். லைப்ரரியில் உட்கார்ந்து எழுதினால் மட்டும் கிடைத்துவிடும் பட்டமில்லை அது. ஏதாவது ஒரு சுகாதார வேலையை முன்னின்று நடத்திக் காட்ட வேண்டும்.

அவள் எடுத்துக்கொண்டது சர்க்கரை நோய். நாற்பதைத் தாண்டிய நம்மவர்களில் நூற்றைம்பது பேருக்காவது டெஸ்ட் எடுக்க வேண்டும். சர்க்கரை இருப்பவர்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். 1998 ஜூன் வரைக்கும்தான் கெடு. தவறினால் வேறு தலைப்பு, இன்னும் ஒரு வருஷம். அதற்குத் தெம்பில்லை, விட்டுவிடுவேன் என்று கணவர் வாஞ்சிநாதனிடம் முன்பே சொல்லிவிட்டாள்.

கோயில் வராந்தாவில் ஒரு மேஜை போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வாஞ்சிநாதன்.

மற்றவர்களிடம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தெரிந்துவிடும் என்றார் ஒருவர். எங்கள் பரம்பரையிலேயே அந்த வியாதி கிடையாது என்றார், இரண்டாம் முறை சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டிருந்த இன்னொருவர்.

ஜலஜா தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதினாள். மூன்று தடவை அடித்துத் திருத்தி, இருநூறு காப்பி எடுத்து, பார்க்கிங் லாட்டில் கார் காராக வைப்பரில் செருகினாள்.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர்.

வேறு வழியில்லாமல் சாரதா ஆன்ட்டியிடமே போய் நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

"சாப்பிட வந்தவங்ககிட்ட ரத்தம் கேக்கச் சொல்றியா? அதெல்லாம் முடியாது. உன் வீட்டுக்காரர் ராத்திரியிலகூட கார்ன்ஃப்ளேக்ஸ்ல பால் ஊத்திச் சாப்பிடறார்னு கேள்விப்பட்டேன். முதல்ல அதைக் கவனி."

வீட்டுக்குத் திரும்பும்போது, 680 ஃப்ரீவே ஏறியதும் ஜலஜா டெஸ்ட் எடுத்தவர்களின் பட்டியலை மடித்துப் பையில் வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை பாக்கறேன். அதோட போதும்."

எனக்குப் பிடித்துத்தான் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுகிறேன் என்றார் வாஞ்சிநாதன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனபோது, மேஜை போடுவதற்கு முன்பே இருபத்து மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். காப்பிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு குடும்பம். டிரேசியிலிருந்து, பிள்ளை வீட்டுக்கு வந்திருந்த பெரியவர்கள் நாலைந்து பேர். பரம்பரையிலேயே கிடையாது என்றவரும் விரலை நீட்டினார். டெஸ்ட் ஸ்ட்ரிப் தீர்ந்துபோய், வாஞ்சிநாதன் டவுனுக்கு ஓடிப்போய் வாங்கிவந்தார்.

ஐந்தே வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று பேர். அதில் இருபத்தெட்டுப் பேருக்கு, தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுவரை தெரியாது.

நோட்டீஸ் கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று ஜலஜா நினைத்துக்கொண்டாள். தாய்மொழியில் எழுதியதன் பலன் என்று ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதினாள். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் அதிகம் பாராட்டினார்கள். பட்டம் கிடைத்துவிட்டது.

கோயில் ஹாலில் அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மாலை, போட்டோ, கைதட்டல் எல்லாம் முடிந்ததும் சாரதா ஆன்ட்டி எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பாடா, இனிமேலாவது அவ வீட்ல அடுப்பு எரியும்" என்றார். ஹாலே சிரித்தது. ஜலஜாவும்தான் சிரித்தாள். இன்றைக்கு எதுவும் வலிக்கவில்லை.

வாழ்த்துச் சொல்ல கிட்டுசாமி வந்தார். பொள்ளாச்சிக்காரர், டிரேசியில் பிள்ளையோடு இருப்பவர். இருபத்தெட்டுப் பேரில் ஒருவர். மாத்திரை தவறுவதில்லை, தினமும் நாலு மைல் நடக்கிறேன், சர்க்கரை பாதியாக இறங்கிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்.

ஜலஜாவுக்கு ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. நோட்டீஸில் எந்த வரியைப் படித்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள்.

"நோட்டீஸுங்களா? நான் பாக்கவே இல்லீங்களே அம்மிணி. சாரதாம்மா போன் பண்ணுனாங்க. எனக்கு மட்டுமில்லீங்க, கோயில் லிஸ்ட்ல இருக்கற அத்தனை வீட்டுக்கும் பண்ணுனாங்களாம். கொண்டாந்து விடறதுக்குப் பையனுக்கு நேரமில்லீன்னேன். அவங்களே கார் எடுத்துட்டு டிரேசிக்கு வந்து எங்களைக் கூட்டியாந்தாங்க."

ஜலஜா திரும்பிப் பார்த்தாள். ஹாலின் அந்தக் கோடியில் சாரதா ஆன்ட்டி, நாற்காலியைச் சரியாக மடக்கத் தெரியவில்லையென்று யாரையோ கடிந்துகொண்டிருந்தார்.

"போன்ல என்ன சொன்னாங்க?"

கிட்டுசாமி குரலைத் தாழ்த்தினார்.

"'அந்தப் பொண்ணு தோத்துட்டா, அப்பவே சொன்னேனேன்னு முதல்ல பேசறவ நானாத்தான் இருப்பேன். தயவுசெஞ்சு எனக்கு அந்தச் சந்தர்ப்பத்தைக் குடுத்துடாதீங்க'ன்னாங்க."