ஒரு சீட் பாக்கி

"எங்க, சிரிங்க பார்ப்போம்" என்றாள் மனைவி.

அவர் சிரித்தார்.

"இவ்வளவு பல்லு வேணாம். கேள்வி கேக்கறவங்க பயந்துடுவாங்க."

ஐம்பத்திரண்டு வயதில் இன்டர்வியூ என்றால் யாருக்குத்தான் சிரிப்பு ஒழுங்காக வரும்? சட்டை இரண்டு முறை இஸ்திரி ஆகிவிட்டது. தலையில் மிச்சமிருந்த முடியை அவர் இடப்பக்கம் வார, மனைவி வலப்பக்கம் மாற்றிவிட்டாள்.

மகள் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கரண்டியை மைக் மாதிரி நீட்டினாள். "சொல்லுங்க. எம்.ஏ. ஜர்னலிசம் எதுக்கு? இந்தக் காலத்துல பேப்பர் யாரு படிக்கறாங்க?"

"ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்பது..."

"அப்பா! அந்தத் தூண்லயே சாஞ்சு தூங்கிடுவாங்க. மனசுல இருக்கறதைச் சொல்லுப்பா."

"மனசுல இருக்கறதைச் சொல்றேன்னு அந்தச் செத்துப்போன ஆள் கதையை மட்டும் எடுத்துடாதீங்க" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "போன வருஷம் அதைச் சொல்லித்தான் காரியம் கெட்டுது. இந்த வருஷமும் அந்த சீட் கைவிட்டுப் போச்சுன்னா, நீங்க விடற பெருமூச்சுல எங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சுடும்."

சொல்லவே மாட்டேன் என்று இருவர் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகியதில், பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கல்லூரி வராந்தாவில் அறிவிப்புப் பலகை. 'முதுகலை இதழியல்: குறைந்தது பத்துப் பேர் சேர்ந்தால் மட்டுமே வகுப்பு நடைபெறும். சேர்க்கை இன்றுடன் முடிகிறது.' மனப்பாடமாகத் தெரிந்ததையே நின்று இன்னொரு முறை படித்தார்.

குமாஸ்தா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஒம்பது ஃபில் ஆயிடுச்சு சார். ஒரு சீட்தான் பாக்கி. அந்தம்மா வந்து உக்காந்தாச்சு, சீக்கிரம் போங்க."

"ஆள் எப்படி?"

"பார்த்தா சின்னப் பொண்ணு. பேப்பர்ல ரிப்போர்ட்டராம். டீ குடுக்கப் போன என்னையே உக்கார வெச்சுக் குடைஞ்சு எடுத்துட்டாங்க."

அவர் ஒரு முறை சிரித்துப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

அறைக்குள் அவள் பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தாள். ஒரே புழுக்கம். சுவரில் வரிசையாக ஆறு ஸ்விட்ச். எது எதற்கு என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. அவர் பார்க்காமலே ஒன்றைத் தட்ட, மின்விசிறி சுற்றியது.

"நேரா விஷயத்துக்கு வந்துடலாமா சார்? இப்போ எதுக்கு ஜர்னலிசம் படிக்கணும்?"

அட, வீட்டில் கேட்ட அதே கேள்வி! உற்சாகமாக ஆரம்பித்தார். "ஜனநாயகத்தின் நான்காவது..."

"தூண். தெரியும் சார். மெஷினே செய்தி எழுதுது. மனுஷன் எதுக்கு?"

அவர் தண்ணீர் குடித்தார். புரையேறியது. இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சரி, அதை விடுங்க. நீங்களும் பேப்பர்ல இருந்தவராமே. நீங்க பண்ணதுலயே பெரிய தப்பு எது?"

சொல்லாதே, சொல்லாதே என்று மனைவியும் மகளும் காதுக்குள் கத்தினார்கள். ஆனால் மனிதருக்குப் பொய் சொல்ல வராது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உயிரோட இருந்த ஒரு மளிகைக்கடைக்காரரைச் செத்துட்டார்னு எழுதிட்டேன்."

பேனா நின்றது. "அப்புறம்?"

"மறுநாள் அவரே ஆபீசுக்கு வந்து என் முன்னாடி நின்னார்."

"அடிச்சாரா?"

"அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. நான் கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டு, இன்னிக்கே மறுப்பு போட்டுடறேன்னேன். 'அவசரப்படாதீங்க தம்பி, ரெண்டு நாள் கழிச்சுப் போடுங்க. என் மச்சான் இன்னும் வந்து அழல. வர்றானா இல்லையான்னு பார்த்துடறேன்'னார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேனா மேசைக்கடியில் உருண்டது. "வந்தாரா?"

"வந்தார். செத்தவரே வாசல்ல நின்னு 'வாங்க மாப்ளே'ன்னார். மச்சான் அங்கேயே மயக்கம் போட்டு விழுந்துட்டார்."

அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது, எல்லாப் பல்லும் தெரிய.

"அன்னிலேர்ந்து நேர்ல போய்ப் பார்க்காம ஒரு வரி எழுதினதில்லம்மா. மெஷின் எவ்வளவு வேணா எழுதட்டும், ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்காது. எனக்குத் தெரிஞ்ச ஜர்னலிசம் அவ்வளவுதான். தூணெல்லாம் சும்மா சொல்றது."

சொல்லி முடித்த பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. போச்சு! போன வருஷமும் இந்த இடத்தில்தான் 'யோசிச்சுச் சொல்றோம்' என்றார்கள்.

"யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பேனாவைத் தேடி எடுத்து, நிதானமாக மூடியைப் போட்டாள். அதற்குள் அவருக்கு ஒரு யுகம் போயிற்று.

"யோசிக்க என்ன இருக்கு சார்? உங்க கிளாஸ்ல பத்தாவது ஸ்டூடண்டா என் பேரை எழுதிக்கங்க, புரொபசர்!"