தண்ணீர் பட்டன்

"நாற்பது தடவை தீதி! காலையிலேர்ந்து நாற்பது தடவை தண்ணி பட்டனை அமுக்கிட்டார். கொண்டுபோய் நீட்டினா வேண்டாம்னு தலையாட்டறார். ஒருத்தி எத்தனை தடவைதான் ஓடறது?"

ஆயா ஷெபாலி, ஜெயப்ரியாவை அக்கா முறையில் 'தீதி' என்று கூப்பிட்டு, வங்காள மொழியில் பொரிந்து தள்ளினாள். டாக்குரியா பகுதியில் அந்த வீட்டுக்கு அவள் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் கால் தேய்ந்துவிட்டது, பாவம்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் வைத்தீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். பாங்க் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. மடியில் பேசும் பலகை. எட்டு பட்டன், எட்டுப் படம். அமுக்கினால், பதிந்து வைத்த குரல் அவருக்காகப் பேசும்.

பலகையைச் சோதனைக்குக் கொடுத்தது ஜெயப்ரியா வேலை பார்க்கும் ஊனமுற்றோர் மையம். மூன்று மாதத்தில் சரியாகப் பயன்படுத்தப் பழகாவிட்டால், காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதைப் பார்த்து எழுதத்தான் இன்று வந்திருக்கிறாள்.

"அதைத் திருப்பி எடுத்துண்டு மட்டும் போயிடாதீங்கோ மேடம். அப்பாவுக்கு இப்போ அது ஒண்ணுதான்" என்று மகன் மாதவ் காலையிலேயே போனில் கெஞ்சியிருந்தான்.

"சார், எங்கே, எனக்கு ஒரு தரம் அமுக்கிக் காட்டுங்க."

இடது கை நேராகத் தண்ணீர் படத்துக்குப் போனது.

'தண்ணி வேணுமா?'

பதிவில் குரலுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம், ஒரு இருமல் வேறு. வைத்தீஸ்வரன் காதைச் சாய்த்துக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி அமுக்கினார்.

"பாத்தீங்களா தீதி?"

ஜெயப்ரியாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கெட்டிக்காரி, அதுதான் வினையாகப் போயிற்று. மற்ற ஏழு பட்டனும் மாதவின் குரலில் கணீரென்று பேசின. 'எனக்குப் பசிக்கிறது.' 'பாத்ரூம் போகணும்.' இது ஒன்றில் மட்டும் பொம்பளைக் குரல். அதுவும் கேள்வி! கேட்க வேண்டியவர் இவர். பலகை இவரையே திருப்பிக் கேட்டால் மனுஷர் குழம்பாமல் என்ன செய்வார்?

"தப்பு சார் மேல இல்ல ஷெபாலி. பதிஞ்சவங்க மேல" என்று சொல்லிக்கொண்டே பதியும் பட்டனில் விரலை வைத்தாள்.

வைத்தீஸ்வரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "அ... அ..." என்றார்.

"ஒரே நிமிஷம் சார். உங்க நல்லதுக்குத்தான்."

கையை மெல்ல விலக்கினாள். வியாதிப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டாள். சற்று நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"எனக்குத் தண்ணி வேணும்" என்று தெளிவாகப் பேசினாள். பழையது அழிந்து, புதியது ஏறியது.

வைத்தீஸ்வரன் அமுக்கினார். கேட்டார். மறுபடி அமுக்கினார். ஷெபாலி டம்ளரை நீட்டினாள். மறுக்காமல் குடித்தார். அப்புறம் அரைமணி நேரம் அவர் கை பலகைப் பக்கமே போகவில்லை.

"அப்பாடா! கை வச்ச உடனே சரியாயிடுச்சே!" என்றாள் ஷெபாலி.

ஜெயப்ரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. 'குறை பதிவில். சரிசெய்யப்பட்டது. பலகை இவரிடமே இருக்கலாம்' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதே நேரம் மாதவ் ஆபீசிலிருந்து மூச்சிரைக்க வந்தான்.

"கவலைப்படாதீங்க சார், பலகை அப்பாவுக்குத்தான்!"

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்!" அவன் குனிந்து, வழக்கம்போலத் தண்ணீர் பட்டனை அமுக்கினான்.

'எனக்குத் தண்ணி வேணும்.'

மாதவின் முகம் வெளுத்தது. "இதுல இருந்த குரல் எங்கே மேடம்?"

"அதை அழிச்சுட்டுத்தான் சார் புதுசு பதிய முடியும். கேள்வியா இருந்துது, சார் குழம்பிட்டார்..."

"திரும்ப எடுக்க முடியாதா?"

அவள் முடியாதென்று தலையசைத்தாள்.

"மெஷின் வந்த அன்னிக்கு முதல் பட்டனுக்கு அம்மாதான் பேசினா. அப்பாவை எப்பவும் கேக்கற மாதிரியே கேட்டுட்டா. மீதியை நாளைக்குப் பேசறேன்னு படுத்தவ எழுந்துக்கவே இல்லை."

மாதவ் அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்பா தண்ணி கேக்கலை மேடம். அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லிண்டிருந்தார்."